வாளியில் போன கிலுகிலுப்பை விரியன்

ஜூன் 3, செவ்வாய்

காலை இரத்தச் சர்க்கரை 8.1, ஆறுக்கு இறங்க வேண்டுமாம். டாக்டர் இந்த நோட்டைக் கொடுத்தது தினமும் இந்த எண்ணை எழுதத்தான். எண்ணுக்கு இரண்டு விரல் இடம் போதும். மீதிப் பக்கத்தை என்ன செய்வது? இருபத்தேழு வருஷம் ஊரார் தபாலைக் காரில் கொண்டுபோய்ப் போட்டவள் நான். ஓய்வு பெற்ற பிறகும் வெற்றுத் தாளைப் பார்த்தால் கை சும்மா இருப்பதில்லை.

நடை ஐம்பது நிமிஷம். எங்கள் தெரு முடியும் இடத்தில், பக்கத்து வீட்டு லைலின் வேலியை ஒட்டித் தொடங்கும் பாறைப் பாதை. கறுப்பு ஈக்கள் காதைப் பிய்த்துத் தின்கின்றன. போன உடனேயே, ஜூனிப்பர் புதருக்குப் பக்கத்தில் ஒரு சத்தம். ஸ்ர்ர்ர் என்று, விடாமல். ஒரு அடி பின்னால் வைத்தேன், நின்றது. முன்னால் வைத்தேன், மறுபடி ஸ்ர்ர்ர்.

என் புருஷன் க்ளென்னிடம் சொன்னேன். இடுப்பு ஆபரேஷனுக்குப் பிறகு அவன் உலகம் சோபாவும் ஜன்னலும்தான். "ஏதாவது பூச்சியா இருக்கும், ரோன்டா" என்றான்.

ஜூன் 4, புதன்

8.0. அதே இடம், அதே சத்தம். நான் பின்வாங்கினால் மரியாதையாக வாயை மூடிக்கொள்ளும் பூச்சி எது?

ஜூன் 7, சனி

பார்த்துவிட்டேன்!

பாம்பு. தட்டைப் பாறையின் விளிம்பில், வெயிலில். இரண்டடிதான் இருக்கும், ஆனால் நல்ல தடிமன். சாம்பல் நிறத்தில் பழுப்புத் திட்டுகள், கழுத்தில் கட்டுகிற போ டை மாதிரி வரிசையாக. வாலின் நுனியில் கிலுகிலுப்பை. அதில் ஒரு சின்ன ரோஸ் நிறப் புள்ளி. ஆண்டவன் இதற்கும் நகப்பூச்சு போட்டு அனுப்பியிருக்கிறார்.

ஐம்பத்தொன்பது வருஷமாக இந்த விரிகுடாக் கரையில் இருக்கிறேன். இந்த ஜாதிப் பாம்பைச் செத்துத் தார்ச்சாலையில் ஒட்டிக் கிடக்கும்போதுதான் பார்த்திருக்கிறேன். உயிரோடு இன்றுதான். பத்தடி தள்ளி ஒரு மரக்கட்டையில் உட்கார்ந்து நாற்பது நிமிஷம் பார்த்தேன். அது என்னைச் சட்டையே செய்யவில்லை. திரும்பி வருகையில் பாதித் தூரம் ஓடினேன். பயம்தான், ஆனால் நாளைக்கும் போவேன்.

ஜூன் 10, செவ்வாய்

7.6. நூலகத்தில் புத்தகம் எடுத்து வந்தேன். மசசாகா கிலுகிலுப்பை விரியன். எங்கள் மாகாணத்தில் மிச்சம் இருக்கும் ஒரே விஷப் பாம்பு. அடிக்கக்கூடாது, பிடிக்கக்கூடாது, தொந்தரவு செய்யக்கூடாது, எல்லாம் சட்டம். கடிப்பதை விட ஒளிந்துகொள்ளவே விரும்புமாம். அந்தச் சத்தம் கோபம் இல்லையாம், 'நான் இங்கே இருக்கிறேன், பார்த்து நட' என்பதாம். நாய் வளர்க்கும் வீட்டில் பலகை மாட்டுகிறோமே, அந்த மாதிரி.

ஒரே இடத்தில் ஏன் நாள் முழுக்கக் கிடக்கிறது? சாப்பிடப் போவதில்லையா? புத்தகத்தில் அது இல்லை.

ஜூன் 14, சனி

சனிக்கிழமை குப்பைக் கிடங்கு. இந்த ஊரில் தேவாலயத்துக்கு வராதவர்கள்கூடக் குப்பை கொட்ட வந்துவிடுவார்கள். குப்பையைக் கொட்டிவிட்டு வம்பை அள்ளிக்கொண்டு போவார்கள். நானும் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தேனா? லைலிடம் பாம்பைப் பார்த்ததாகச் சொல்லித் தொலைத்தேன். எங்கள் பக்கத்து வீட்டுக்காரன், நாற்பது வருஷப் பழக்கம்.

அவன் முகம் மாறிவிட்டது. "எங்க பாத்த? இடத்தைச் சொல்லு அம்மணி. மண்வெட்டி வண்டியிலயே இருக்கு."

பிஸ்கட் என்ற அவன் நாயை இரண்டு வருஷம் முன்னால் பாம்பு கடித்தது. மூக்கு வீங்கி இரண்டே நாளில் போய்விட்டது. அவன் அழுததை நான் பார்த்திருக்கிறேன். குறை சொல்ல முடியாது.

"ஞாபகம் இல்ல லைல், எங்கேயோ தூரத்துல" என்றேன்.

அந்தப் பாறைக்கும் அவன் விறகுக் குவியலுக்கும் முப்பது தப்படிகூட இல்லை.

ஜூன் 19, வியாழன்

7.4. செய்துவிட்டேன். என்னை நானே தட்டிக்கொடுக்க வேண்டும் போல இருக்கிறது.

லைல் காலையிலேயே விறகு அடுக்க ஆரம்பித்துவிட்டான். சத்தம் கேட்டால் ஒரே நிமிஷம், முடிந்தது கதை. அவன் மதியம் மருந்துக்கடைக்குப் போனதும் நான் கிளம்பினேன். உறைந்த ஏரியில் மீன் பிடிக்க க்ளென் வைத்திருக்கும் வாளி, மூடியோடு. நீளத் துடைப்பம். முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ். வாளியைச் சாய்த்து வைத்து, துடைப்பத்தால் மெதுவாகத் தள்ளினேன். ஸ்ர்ர்ர், ஸ்ர்ர்ர். மன்னிச்சுக்கோ கண்ணு, மன்னிச்சுக்கோ கண்ணு என்று சொல்லிக்கொண்டே. உள்ளே போய்ச் சுருண்டுகொண்டது. மூடி. பக்கத்து சீட்டில் வைத்து பெல்ட்டும் போட்டேன்.

பழைய சரளைக் குழிக்கு அப்பால், மின்கம்பி வழி காட்டைக் கிழித்துக்கொண்டு போகும் இடத்தில் விட்டேன். பதினாலு கிலோமீட்டர். எவ்வளவு நல்ல பாறை, எவ்வளவு வெயில், ஒரு மனுஷன் இல்லை. தொந்தரவு செய்யக்கூடாது என்றுதான் சட்டம் இருக்கிறது. இது தொந்தரவு இல்லை, உதவி.

க்ளென் சோபாவிலிருந்தே சிரித்தான். "பென்ஷன் வாங்கினப்புறமும் டெலிவரி பண்ற ஒரே தபால்காரி நீதான். கையெழுத்து வாங்கினியா?"

ஜூன் 26, வியாழன்

பாதையில் ஒரு பெண்ணைப் பார்த்தேன். முப்பத்தைந்து வயது இருக்கும். கையில் நீண்ட கொக்கி, முதுகில் பை, முழங்கால் வரை தோல் காப்பு. நோலீன். கால்வாய்க்கு அந்தப் பக்கம் இருக்கும் ஆதிக்குடி ஊர்க்காரி. அவர்கள் ஊர் நில அலுவலகத்துக்காகப் பாம்புக் கணக்கெடுக்கிறாள். அவள் சித்திக்கு வரும் விதைப் பட்டியல்களை எல்லாம் போட்டது நான்தான் என்றதும் நன்றாகச் சிரித்தாள்.

ஜூனிப்பருக்குப் பக்கத்துத் தட்டைப் பாறையில் மண்டி போட்டுத் தேடினாள்.

"ஒருத்தியைக் காணோம்" என்றாள். "முப்பத்தொண்ணாம் நம்பர். எட்டு வருஷமா, வயித்துல குட்டி இருக்கற வருஷமெல்லாம் இந்தப் பாறைக்குத்தான் வருவா. ஒரு வருஷம் விட்டு ஒரு வருஷம். இந்த வருஷம் அவ முறை. வால்ல ரோஸ் புள்ளி வெச்சிருக்கேன், என் தங்கச்சியோட நெயில் பாலிஷ். நீங்க பாத்தீங்களா?"

ரோஸ் புள்ளி. வயிற்றில் குட்டி.

"இல்லையே" என்றேன்.

ஜூன் 27, வெள்ளி

ஏன் பொய் சொன்னேன்?

ஜூலை 1, செவ்வாய்

6.9. தேசிய நாள், நாடே விடுமுறையில். எல்லோரும் படகுத்துறையில் பர்கர் சுட்டுக்கொண்டிருக்கிறார்கள். நான் நோலீனோடு பாறை பாறையாகச் சுற்றினேன். "உங்களுக்குக் கண்ணு நல்லாருக்கு, கூட வாங்க" என்று அவள்தான் கூப்பிட்டாள். போகாமல் இருந்திருக்கலாம். ஆனால் தெரிந்துகொள்ளும் ஆசை என்னைக் கழுத்தைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு போனது.

ஐந்து பாம்பு பார்த்தோம். நான் இரண்டு கண்டுபிடித்தேன்! கொக்கியால் தூக்கி, கண்ணாடி போன்ற குழாயில் தலையை நுழையவிட்டு, வாலைப் பிடித்து அளப்பாள். கை அவ்வளவு மென்மை. ஒவ்வொன்றையும் எடுத்த இடத்திலேயே, எடுத்த பக்கம் பார்த்து வைப்பாள். அவள் பாட்டியின் மொழியில் இதற்கு ஷீஷீக்வே என்று பெயர். சொல்லிப் பார்த்தால் வாலாட்டும் சத்தமே வருகிறது.

தெரிந்துகொண்டது: குட்டி சுமப்பவள் கோடை முழுக்க அநேகமாகச் சாப்பிடுவதில்லை. பாறைச் சூட்டை வாங்கி வயிற்றுக்குக் கொடுப்பதுதான் வேலை. முட்டை இல்லை, குட்டியாகவே போடும். குளிர்காலத்துக்குப் பாசிச் சதுப்பில் ஒரு பொந்து. உறைபனி எட்டாத ஆழத்தில், உடம்பு பாதி தண்ணீரில். எல்லாப் பொந்தும் ஆகாது. தனக்குத் தெரிந்த அந்த ஒன்றுக்குத்தான் வருஷா வருஷம் போகும்.

"தூக்கி வேற எங்கேயாவது விட்டா?" என்றேன், தண்ணீர் பாட்டிலைப் பார்த்துக்கொண்டே.

"அலையும். ஊரைத் தேடித் தேடி அலையும். குளிர் வந்துடும், பொந்து தெரியாது. செத்துடும்." குழாயைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்: "மண்வெட்டிக்காரங்க மேலகூட எனக்கு இவ்ளோ கோவம் வராது. இந்த வாளிக்காரங்க இருக்காங்களே, காப்பாத்திட்டோம்னு சந்தோஷமா வீட்டுக்குப் போய்த் தூங்குவாங்க."

ஜூலை 2, புதன்

அதிகாலையிலேயே மின்கம்பி வழிக்குப் போனேன். நாலு மணி நேரம். எதுவும் இல்லை.

ஜூலை 4, வெள்ளி

எதுவும் இல்லை. தார்ச்சாலையில் நசுங்கிக் கிடந்ததைப் பார்த்து வண்டியை நிறுத்தி ஓடினேன். பழைய பெல்ட்.

ஜூலை 9, புதன்

6.4. குற்ற உணர்ச்சி சர்க்கரைக்கு நல்ல மருந்து போலிருக்கிறது. டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

காலையில் தனியாக அங்கே தேடல். மதியம் நோலீனோடு இங்கே தேடல், அதுவும் இங்கே இல்லாத ஒன்றை! அவள் ஒவ்வொரு புதரையும் கிளறுகிறாள். சொல்ல வாயைத் திறக்கிறேன், வேறு கேள்வி வருகிறது. "கிலுகிலுப்பையில எத்தனை வளையம் இருக்கோ அத்தனை வயசா?" இல்லையாம். தோல் உரிக்கும்போதெல்லாம் ஒன்று கூடுமாம், நுனி உடைந்தும் போகுமாம். பார், இதையும் குறித்துக்கொள்கிறேன். என்ன ஜென்மம் நான்?

ஜூலை 19, சனி

குப்பைக் கிடங்கில் காதில் விழுந்தது. லைல் ஒரு பாம்பை அடித்துப் புதைத்துவிட்டானாம். பாதுகாக்கப்பட்ட பாம்பு, சினையானது. யார் ஆரம்பித்தார்களோ. கண்ணாடிப் புட்டிகளைத் தொட்டியில் போட்டுக்கொண்டே லைல் கத்துகிறான்: "நான் அடிக்கல! பாத்திருந்தா அடிச்சிருப்பேன், அது வேற!" இப்படி ஒரு வக்காலத்தைத் தனக்குத்தானே எவனாவது வாங்குவானா?

ஜூலை 21, திங்கள்

நோலீனும் அந்தப் பேச்சைக் கேட்டிருக்கிறாள். விறகுக் குவியலைப் பார்த்தபடி நின்றாள். "காட்டுத்துறை அதிகாரிகிட்டச் சொல்லலாம்னு இருக்கேன். அவர் வந்து விசாரிக்கட்டும். எட்டு வருஷம், ரோன்டா."

லைலுக்கு நான் எத்தனை கிறிஸ்துமஸ் கார்டு கொண்டுபோய்க் கொடுத்திருப்பேன். பிஸ்கட்டைப் புதைத்தபோது மண் தள்ளியவள் நான்.

ஜூலை 22, செவ்வாய்

சொல்லிட்டேன். அவ அலுவலகத்துக்கே போய், வாசல்லயே, உக்காரக்கூட இல்ல. "நோலீன், லைல் இல்ல. நான்தான். வாளியில எடுத்துட்டுப் போய் விட்டேன். அவன் அடிச்சுடுவானோன்னு பயந்து... அவ வயித்துல குட்டின்னு தெரியாது..." அப்புறம் என்ன சொன்னேனோ. அழுதேன்னு நினைக்கிறேன். சீ.

அவள் நாற்காலியிலிருந்து எழுந்திருக்கவில்லை.

"எப்போ?"

"ஜூன் பத்தொம்பது."

"முப்பத்திமூணு நாள்." அப்புறம், "வாளியில காத்து போக ஓட்டை இருந்துதா?"

"மூடியை இறுக்கி மூடல."

"நான் முதல்ல கேட்டப்போ ஏங்க சொல்லல?"

சட்டத்துக்குப் பயந்தேன் என்றால் பொய். அவள் மண்டி போட்டுத் தேடினாளே, அந்த முகத்துக்குப் பயந்தேன். அவ்வளவுதான்.

"கொஞ்ச நேரம் பேசாதீங்க" என்றாள். சுவரில் மாட்டியிருந்த வண்டிச் சாவியை எடுத்தாள். "எனக்குப் பயங்கர கோவம் வருது. அது பாட்டுக்கு இருக்கட்டும். இடத்தைக் காட்டுங்க."

ஜூலை 30, புதன்

எட்டு நாளாக இரண்டு பேரும் மின்கம்பி வழியில். நோலீன் பேசுவதே நாலு வார்த்தைதான். "அந்தப் பக்கம்." "தண்ணி." கேள்வி கேட்கும் வாயை நானும் கட்டிப்போட்டிருக்கிறேன். கஷ்டமாக இருக்கிறது.

வேறு பாம்புகள் உண்டு. ரோஸ் புள்ளி இல்லை.

ஆகஸ்ட் 2, சனி

லைல் வீட்டுக்குப் போய் அவனிடமும் சொன்னேன். என்னால்தான் அவன் பெயர் கெட்டது.

சிரிப்பான் அல்லது கத்துவான் என்று நினைத்தேன். காபியைக் கிளறிக்கொண்டே இருந்தான். "என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா என்ன ஆயிருக்கும்?"

"அடிச்சிருப்பே."

"அடிச்சிருப்பேன்" என்று ஒத்துக்கொண்டான். "ஆனா நீ சொல்லியிருக்கலாம்."

எங்கே விட்டேன் என்று சொன்னேன், சரளைக் குழி, மின்கம்பி வழி. கரண்டி நின்றுவிட்டது. "அங்கயா? அங்க என்ன இருக்கு? வெறும் பாறை. அங்கெல்லாம் ஒண்ணும் இருக்காது. தேடி வீணாப் போகாதீங்க." இவ்வளவு வேகமாக அவன் பேசி நான் கேட்டதில்லை. கோப்பையைப் பிடித்திருந்த கட்டைவிரல் இரண்டும் கருநீலம்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ப்ளூபெரி!

ராத்திரி படுத்த பிறகுதான் உறைத்தது, அவன் கட்டைவிரலில் இருந்தது அந்தக் காட்டு நீலப்பழச் சாறு. இங்கே ஒருவன் தன் பிள்ளை ஜெயிலுக்குப் போனதைச் சொல்வான், பெண்டாட்டி ஓடிப்போனதைச் சொல்வான், ப்ளூபெரி பறிக்கும் இடத்தை மட்டும் சொல்ல மாட்டான். வண்டியை ஒரு மைல் தள்ளி நிறுத்திவிட்டு மீன்பிடிக் கோலோடு நடந்து போவார்கள், யாராவது பார்த்தால் மீனுக்கு என்று சொல்ல. லைலின் இடம் எது என்று செத்துப்போன அவன் மனைவிக்கே தெரியாது. வருஷா வருஷம் திருவிழாவில் அவன் பெர்ரிக்குத்தான் முதல் பரிசு ரிப்பன்.

அந்த இடம் மின்கம்பி வழியில் எங்கேயோ இருக்கிறது. ஒன்றும் இருக்காது என்று அவ்வளவு வேகமாகச் சொன்னவன் அங்கே எதையோ பார்த்திருக்கிறான்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

நேராகவே கேட்டேன். வேலிக்கு மேலே.

"லைல், பாம்பைப் பாத்தியா இல்லையா?"

"எந்தப் பாம்பு?"

"கட்டைவிரலைக் காட்டு."

கையைப் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டான். அறுபத்தெட்டு வயது ஆள்!

"குட்டி போடற நேரம் வந்துடுச்சு லைல். அங்கேயே போட்டா பத்துக் குட்டியும் சாகும். அவளும் சாவா. நான் கொன்னதாத்தான் ஆகும்" என்றேன். அவன் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.

ஆகஸ்ட் 9, சனி

6.2. இன்று நடந்ததை ஒன்று விடாமல் எழுத வேண்டும்.

காலை ஏழு மணிக்கு லைலின் வண்டி எங்கள் வாசலில் ஹார்ன் அடித்தது. "ஏறு. அந்தப் பொண்ணையும் கூப்பிடு. ரெண்டு பேரும் ஃபோனை இங்கயே வெச்சிட்டு வரணும். அது நம்ம போற இடத்தையெல்லாம் குறிச்சு வெச்சுக்கும், எனக்குத் தெரியும்."

நோலீன் வந்தாள். விஷயம் கேட்டாள். "இடத்தோட ஜி.பி.எஸ். எண்ணைக் குறிக்காம நான் பாம்பைத் தொட முடியாதுங்க. வேலையே அதான்."

"அப்ப நான் வரல."

"அப்ப நீங்க பாத்ததா அதிகாரிகிட்டச் சொல்றேன், அவரு ஜீப்ல பத்துப் பேரோட வருவாரு."

லைல் என் பக்கம் திரும்பினான். "இந்தப் பொண்ணு யாரோட மக?"

கடைசியில் ஒப்பந்தம்: எண்ணைக் குறிக்கலாம், அது அலுவலகப் பூட்டை விட்டு வெளியே வரக்கூடாது. நோலீன் சிரிக்காமல் சொன்னாள், "பாம்பு இருக்கற இடத்தையெல்லாம் நாங்க ஏற்கெனவே அப்படித்தான் பூட்டி வெச்சிருக்கோம். தெரிஞ்சா திருடங்க வருவாங்க." லைலுக்கு அப்போதுதான் அவள்மேல் மரியாதை வந்தது என்று நினைக்கிறேன்.

சரளைக் குழியிலிருந்து மேற்கே, நாங்கள் இரண்டு பேரும் எத்தனையோ முறை தாண்டிப்போன ஒரு பிர்ச் மரக் கூட்டத்துக்குப் பின்னால் நடத்திப் போனான். அப்பா! தரையே நீலமாக இருந்தது. நடுவில் ஒரு மேசைப் பாறை. அதன் அடி விளிம்பில் ஸ்ர்ர்ர்.

நோலீன் குனிந்தாள். அப்புறம் சின்னக் குரலில், "வாடி என் ராசாத்தி" என்றாள்.

ரோஸ் புள்ளி. வயிறு கனத்து, முதுகெலும்பு மட்டும் தனியாகத் தெரிந்தது. அலைந்ததில் உடம்பு கரைந்திருக்கிறது என்றாள் நோலீன். விட்ட இடத்திலிருந்து இரண்டு கிலோமீட்டர். அதுவும் வீட்டுக்கு நேர் எதிர்த் திசையில். இத்தனை நாளும் அவள் தன் ஊரைத் தேடி, என்னால், தப்பான பக்கம் போய்க்கொண்டிருந்திருக்கிறாள்.

துணிப்பையில் போட்டுக் கட்டி வாளிக்குள் வைத்தாள். வண்டியில் என் மடியில். மடியில் அவள் கனம் தெரிந்தது.

"எப்போ பாத்தே?" என்று லைலைக் கேட்டாள் நோலீன்.

"போன செவ்வாய்க்கு முந்தின செவ்வாய்."

"ஏன் அடிக்கல?"

"ரெண்டு கையிலயும் வாளி. முழுசா ரொம்பியிருந்தது" என்றான் லைல். "கீழ வெச்சா கொட்டிடும்."

மதியம் பன்னிரண்டு மணிக்குத் தட்டைப் பாறையில் விட்டோம். லைல் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, தன் விறகுக் குவியலையும் பாறையையும் மாறி மாறிப் பார்த்தான். "இன்னும் பத்து வரும்னீங்கல்ல?" நோலீன் பாம்பு நுழையாதபடி குவியலைச் சுற்றி அடிவரை கம்பிவலை கட்டித் தருவதாகச் சொன்னாள். "நாளைக்கே கட்டணும்" என்றான்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

கம்பிவலை கட்டியாயிற்று. ஆணி அடித்தவன் லைல். நோலீன் என்னிடம் இன்று எட்டு வாக்கியம் பேசினாள், எண்ணினேன்.

ஆகஸ்ட் 21, வியாழன்

குட்டி போட்டுவிட்டாள்!!

பென்சில் நீளத்துக்கு ஒவ்வொன்றும். அச்சு அசல் அம்மாதான், வாலில் மட்டும் கிலுகிலுப்பை இல்லை. ஒரே ஒரு பொத்தான். ஆட்டிப் பார்க்கின்றன, சத்தம் வரவில்லை. அம்மாவின் மேலேயே ஏறிப் படுத்துக்கொள்கின்றன. பாம்பு குட்டிகளோடு இருக்கும் என்று யாராவது சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன். முதல் தோல் உரிக்கும் வரை நாலைந்து நாள் இருக்குமாம்.

நான் பதினொன்று எண்ணினேன். லைல் சமையலறை நாற்காலியை வேலியோரம் போட்டுக்கொண்டு, மான் வேட்டைத் தொலைநோக்கியோடு உட்கார்ந்திருக்கிறான். "பன்னெண்டு."

"பதினொண்ணு, லைல்."

"கண்ணாடியை மாத்து அம்மணி. பன்னெண்டு."

க்ளென் கைத்தடியோடு முதல்முறையாகத் தெருமுனை வரை நடந்து வந்தான். அவனும் பதினொன்று என்றான். லைல் அவனோடு பேசுவதை நிறுத்திவிட்டான்.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

பாறை காலி. குட்டிகள் இல்லை, அவளும் இல்லை. தாள் மாதிரி சின்னச் சின்னத் தோல்கள் மட்டும் கிடந்தன. பன்னிரண்டு. லைலிடம் போய்ச் சொல்ல வேண்டியதாயிற்று.

செப்டம்பர் 18, வியாழன்

நோலீனைக் கேட்டேன். பிழைப்பாளா?

"தெரியல. குட்டி போட்ட பிறகு சாப்பிட இவளுக்குக் கொஞ்ச வாரம்தான் கெடைக்கும். நல்ல உடம்போட இருக்கறவளுக்கே கஷ்டம். இவ நடந்து நடந்தே எல்லாத்தையும் செலவழிச்சுட்டா." என் முகத்தைப் பார்த்துவிட்டு, "உங்களைக் குத்திக்காட்டல. கேட்டீங்க, சொன்னேன்" என்றாள்.

அவள் இப்படித்தான். எனக்கு அதுதான் பிடிக்கிறது.

அக்டோபர் 13, திங்கள்

நன்றியறிதல் நாள். வான்கோழி, பூசணி. முதல் உறைபனி. சதுப்புக்குப் போய்ப் பார்த்தோம், அவளுடைய பொந்து என்று நோலீன் குறித்து வைத்திருக்கும் இடம். பாசி, ஒரு சின்ன ஓட்டை, கறுப்புத் தண்ணீர். உள்ளே இருக்கிறாளா என்று பார்க்க வழியே கிடையாதாம். தோண்டினால் பொந்து போய்விடும். சும்மா நின்றுவிட்டு வந்தோம்.

நவம்பர் 2, ஞாயிறு

6.0. வெள்ளிக்கிழமை டாக்டர் பாராட்டினார். என்ன செய்கிறீர்கள் என்று கேட்டார். பாம்பு தேடுகிறேன் என்றேன், எதையோ எழுதிக்கொண்டார்.

ஜனவரி 24, சனி

மைனஸ் முப்பத்தொன்று. குப்பைக் கிடங்கில் யாரும் வண்டியை விட்டு இறங்கவில்லை. லைல் மட்டும் ஜன்னலை ஒரு விரல் அளவு இறக்கினான். "அந்த ஓட்டையில தண்ணி உறைஞ்சிருக்குமா?"

"தெரியாது லைல்."

ஜன்னலை ஏற்றிக்கொண்டு போய்விட்டான்.

மார்ச் 30, திங்கள்

பனி உருகுகிறது. இன்னும் சீக்கிரம், இன்னும் சீக்கிரம்.

ஏப்ரல் 29, புதன்

மூன்று பாம்பு வெளியே வந்துவிட்டன. அவள் இல்லை.

மே 4, திங்கள்

ஏழு. அவள் இல்லை. நோலீன் தெர்மாஸிலிருந்து தேநீர் ஊற்றி முதலில் என்னிடம் நீட்டினாள்.

மே 9, சனி

குப்பை கொட்டப் போகவில்லை. காலையிலிருந்தே சதுப்போரம் உட்கார்ந்திருந்தோம். பதினொன்றேகால் இருக்கும். பாசி அசைந்தது. தலை, அப்புறம் கழுத்து, அப்புறம் ஒன்றுமே இல்லை, ரொம்ப நேரம். சாவகாசமாக மீதி உடம்பை இழுத்துக்கொண்டாள். எலும்பும் தோலுமாக இருந்தாள். சேற்றில் ரோஸ் நிறம் தெரியவில்லை. நோலீன் கொக்கியின் நுனியால் வாலைத் திருப்பினாள். இருந்தது. கிலுகிலுப்பையை ஆட்டக்கூட அவளுக்குத் தெம்பில்லை. வெயில் இருந்த பக்கம் தலையை வைத்துப் படுத்துக்கொண்டாள்.

நான் சத்தம் போட்டு அழுதேன். நோலீன் தடுக்கவில்லை.

பிறகு பையிலிருந்து ஒரு ஃபைலை எடுத்தாள். முப்பத்தொன்றின் கோப்பு. எட்டு வருஷம், எல்லாம் நோலீனின் பொடி எழுத்து. தேதி, இடம், எடை, யார் பார்த்தது. போன வருஷப் பக்கத்தில் ஜூன் பத்தொன்பதாம் தேதிக்கு நேரே ஒரு வரி வெறுமையாக இருந்தது. ஜூலையிலேயே அவள் அதை நிரப்பியிருக்கலாம். பேனாவை என்னிடம் கொடுத்தாள்.

'பாதுகாப்புக் கருதி' என்று ஆரம்பித்தேன். நானே அடித்தேன். அப்புறம் எழுதினேன்: 'இந்த இடத்திலிருந்து பதினாலு கிலோமீட்டர் தூரம் வாளியில் எடுத்துச் செல்லப்பட்டது.' அதையும் படித்துப் பார்த்தேன். தானாகவே நடந்த மாதிரி இருந்தது. 'செல்லப்பட்டது' என்பதை அடித்துவிட்டு 'சென்றேன்' என்று போட்டேன். யார் என்ற கட்டத்தில் என் பெயரை முழுசாக எழுதினேன், ரோன்டா டாக்கபெரி.